ஆறுமுகம் என்ற பெயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெருவுக்கு ஓர் ஆறுமுகம் இருந்த காலம் உண்டு. வகுப்பில் இரண்டு ஆறுமுகம் இருந்தால் தலைப்பெழுத்தை வைத்தே வாத்தியார் பிரித்துக் கூப்பிடுவார். இன்று அந்தப் பெயர் பெரும்பாலும் தாத்தாக்களிடமும், பேரப்பிள்ளைகளின் பெயருக்கு முன்னால் நிற்கும் ஒற்றை எழுத்திலும்தான் இருக்கிறது. பிள்ளைக்கு இந்தப் பெயரை வைக்க நினைப்பவர்கள், பெயரின் பொருளும் பிறப்பும் தெரிந்துகொள்ள விரும்புபவர்கள், ஆவணங்களில் ஆறுமுகம் ஆறு விதமாக எழுதப்பட்டு அல்லாடுபவர்கள் என மூன்று தரப்பாரும் கேட்கும் கேள்விகள் கீழே உள்ளன.

ஆறுமுகம் என்றால் என்ன பொருள்?

ஆறு முகங்களை உடையவன், அதாவது முருகன். ‘ஆறு முகம்’ என்று பிரித்துச் சொன்னால் அது முகங்களின் எண்ணிக்கையை மட்டும் குறிக்கும். சேர்த்து ஒரு பெயராகச் சொல்லும்போது, அந்த முகங்களை உடைய ஆளைக் குறிக்கிறது. இலக்கணத்தில் இதற்கு அன்மொழித்தொகை என்று பெயர். அதனால்தான் ‘-அம்’ என்று முடிந்தும் இது ஆளின் பெயராக நிற்கிறது. ‘ஆறுமுகம் வந்தது’ என்று யாரும் சொல்வதில்லை, ‘ஆறுமுகம் வந்தான்’, ‘ஆறுமுகம் வந்தார்’ என்றே சொல்கிறோம். சிதம்பரம், அருணாசலம், ஏகாம்பரம் போன்ற பழைய பெயர்களும் இதே முடிவைக் கொண்டவை. ஆனால் அவற்றில் பல, தலத்தின் பெயரே ஆளுக்கு ஆனவை. ஆறுமுகம் கடவுளின் உருவத்தையே நேராகச் சொல்லும் பெயர்.

ஆறு என்பது நதியாகவும் இருக்கலாமே? ‘ஆற்றின் முகம்’ என்று சிலர் விளக்கம் சொல்கிறார்களே?

அந்த விளக்கம் தவறு. அதைக் காட்டிக்கொடுப்பது, சொற்கள் சேரும் விதமான புணர்ச்சிதான். நதியைக் குறிக்கும் ‘ஆறு’ இன்னொரு சொல்லோடு சேரும்போது ‘ஆற்று’ என்று இரட்டிக்கும்: ஆற்றங்கரை, ஆற்றுமணல், ஆற்றுநீர். அந்தக் கணக்கில் நதியின் முகம் ‘ஆற்றுமுகம்’ என்றுதான் ஆகும். எண்ணைக் குறிக்கும் ‘ஆறு’ அப்படி இரட்டிக்காது: ஆறுமாதம், ஆறுபடை, ஆறுமுகம்.

‘அருமையான முகம்’ என்று பொருள் சொல்வதும் இதைப் போலத்தான். ஆங்கில எழுத்தில் பார்த்து ‘அருமுகம்’ என்று படித்தவர்கள் பிற்பாடு கட்டிய விளக்கம் அது.

ஆறுமுகம், ஆறுமுகன், அறுமுகன்: எது சரி?

மூன்றும் சரி. எண்ணுப்பெயர் முதலில் வந்து புணரும்போது குறுகுவது தமிழின் பழைய வழக்கம்: இரண்டு ‘இரு’ ஆகும், ஏழு ‘எழு’ ஆகும், ஆறு ‘அறு’ ஆகும். அறுபது, அறுசுவை என்ற சொற்களில் இருப்பது இதே குறுக்கம். அதன்படி அறுமுகம், அறுமுகன் என்பவையே செய்யுள் வடிவங்கள். முருகன் கோயில்களில் ஓதப்படும் கந்தபுராண வாழ்த்தில் ‘ஆறிரு தடந்தோள் வாழ்க அறுமுகம் வாழ்க’ என்றே வருகிறது. அந்த ஒரே அடியில் தோள்களுக்கு நெடிலான ‘ஆறு’, முகத்துக்குக் குறிலான ‘அறு’ என்று இரண்டும் நிற்பதைக் கவனிக்கலாம். ‘ஆறிரு’ என்பதில் அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்குவதால் நெடில் குறுகவில்லை.

மக்கள் வழக்கில் நெடில்தான் வென்றது. வீட்டில் வைத்துக் கூப்பிடும் பெயர் ஆறுமுகம். ‘-அன்’ சேர்ந்த ஆறுமுகனும் உண்டு. இலங்கை மலையகத் தலைவராக இருந்த ஆறுமுகன் தொண்டமான் (1964–2020) அதற்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு. பிள்ளைக்குப் புதிதாக வைக்க நினைப்பவர்களுக்கு அறுமுகன் நல்ல தேர்வு. பழைய பெயர்தான், ஆனால் காதுக்குப் புதிதாக இருக்கும். ஒரு எச்சரிக்கை: கேட்பவர்கள் பெரும்பாலும் அதை ஆறுமுகம் என்றே எழுதிவிடுவார்கள், ஒவ்வொரு முறையும் திருத்தவேண்டி வரும்.

இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?

முருகனின் பிறப்புக் கதையிலிருந்து. கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில் கதை இப்படிப் போகிறது: சூரபத்மனால் வதைபட்ட தேவர்கள் முறையிட, சிவபெருமான் தமக்குரிய ஐந்து முகங்களோடு, கீழ்நோக்கிய அதோமுகமும் சேர ஆறு முகங்கள் கொள்கிறார். ஒவ்வொரு முகத்தின் நெற்றிக்கண்ணிலிருந்தும் ஒரு பொறி. அந்த ஆறு பொறிகளைக் காற்றும் தீயும் சுமந்து கங்கையில் விட, கங்கை சரவணப் பொய்கையில் கொண்டு சேர்க்கிறது. அங்கே ஆறு குழந்தைகள். கார்த்திகைப் பெண்கள் அறுவர் பாலூட்டுகிறார்கள். உமையம்மை வந்து ஆறு பேரையும் ஒருசேர வாரி அணைத்தபோது உடல் ஒன்றாகி, முகம் ஆறு, கை பன்னிரண்டு என்று ஆனது.

ஆறுமுக உருவம் கந்தபுராணத்துக்கு மிக முந்தியது. வடக்கே இன்றைய அரியானா, பஞ்சாப் பகுதிகளை ஆண்ட யௌதேயர்கள் பொது ஆண்டின் தொடக்க நூற்றாண்டுகளில் வெளியிட்ட காசுகளில் ஆறு தலையுள்ள கார்த்திகேயன் நிற்கிறான். தமிழில் திருமுருகாற்றுப்படை ஆறு முகங்களையும் பன்னிரண்டு கைகளையும் தனித்தனியாக வருணிக்கிறது. பெயரை வைக்கும் பெற்றோர் அந்த வரிகளை ஒரு தடவையாவது படித்துப் பார்க்கவேண்டும். பிள்ளைக்குத் தருவது எவ்வளவு பெரிய சொத்து என்பது அப்போது தெரியும்.

ஆறு முகங்களும் எதைக் குறிக்கின்றன?

திருமுருகாற்றுப்படை சொல்லும் கணக்கு இது: உலகத்தின் இருள் நீங்க ஒளி பரப்புவது ஒரு முகம். அன்பர்கள் வேண்டியதை மகிழ்ந்து கொடுப்பது ஒரு முகம். அந்தணர் வேள்வியைக் காப்பது ஒரு முகம். மறைபொருளை ஆராய்ந்து முனிவர் மகிழ நிலவைப்போல விளக்குவது ஒரு முகம். பகைவரை அழித்துப் போர்க்களம் காண்பது ஒரு முகம். குறமகள் வள்ளியோடு சிரித்திருப்பது ஒரு முகம்.

15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அருணகிரிநாதர் ‘ஏறுமயில் ஏறி விளையாடுமுகம் ஒன்றே’ என்று தொடங்கும் திருப்புகழில் வேறு அறுவகை சொல்கிறார்: மயிலேறி விளையாடுவது, ஈசனோடு ஞானமொழி பேசுவது, அடியார் வினை தீர்ப்பது, குன்றுருவ வேல் வாங்கி நின்றது, சூரனை வதைத்தது, வள்ளியை மணக்க வந்தது. பட்டியல் வேறானாலும் வீரமும் ஞானமும் காதலும் இரண்டிலும் இருக்கின்றன. ஒரு பெயருக்குள் இத்தனை குணத்தை அடக்குவது எளிதில்லை. இந்தப் பெயர் நூற்றாண்டுகள் தாண்டி நின்றதற்கு இதுவே முதற்காரணம் என்பது எங்கள் கருத்து.

ஆறுமுகமும் சண்முகமும் ஒன்றா?

பொருள் ஒன்றே. வடமொழியில் ஆறு ‘ஷட்’. அது ‘முக’ என்பதோடு சேரும்போது ட், மகரத்துக்கு முன் ண் ஆகி ‘ஷண்முக’ என்றாகிறது. தமிழில் சண்முகம், பேச்சில் சம்முகம், சம்முவம். ‘முகம்’ என்ற சொல் தமிழா வடமொழியா என்று அறிஞர்களிடையே வாதம் உண்டு. எப்படியிருந்தாலும் சங்கப் பாடல்களிலேயே வழங்கும் சொல் அது.

பொருள் ஒன்றானாலும் ஆவணத்தில் இரண்டும் வேறு வேறு பெயர்தான். வீட்டில் ஆறுமுகம், பள்ளியில் சண்முகம் என்று இருந்துவிட்டுப் பின்னால் ‘ரெண்டும் ஒன்றுதானே’ என்று சொன்னால் எந்த அலுவலகமும் ஏற்காது. ஒரே வீட்டில் அண்ணன் ஆறுமுகம், தம்பி சண்முகம் என்று இருப்பதும் உண்டு.

யாருக்கு, எந்தச் சந்தர்ப்பத்தில் இந்தப் பெயரை வைத்தார்கள்?

முதல் காரணம் தாத்தா. பெயரன் என்ற சொல்லே பேரன் ஆனது. தலைப்பிள்ளைக்கு அப்பாவைப் பெற்றவரின் பெயர் வைப்பது பல குடும்பங்களில் வழக்கம். அதனால் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை ஆறுமுகம் திரும்பத் திரும்ப வரும்.

அடுத்தது நேர்த்திக்கடன். பிள்ளை வரம் வேண்டிப் பழனிக்கோ திருச்செந்தூருக்கோ நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளைக்கு முருகன் பெயர்களில் ஒன்று. பிறந்த நாளும் ஒரு காரணம். கார்த்திகை நட்சத்திரம், ஐப்பசியில் வரும் கந்தசஷ்டி, தைப்பூசம், முருகன் அவதரித்த நாளாகக் கொண்டாடும் வைகாசி விசாகம் ஆகிய நாட்களில் பிறந்த ஆண்பிள்ளைக்கு ஆறுமுகம் இயல்பாக வரும்.

நட்சத்திர எழுத்துப் பார்ப்பவர்கள் கவனிக்க: கார்த்திகை நான்கு பாதங்களுக்கும் முறையே அ, இ, உ, எ என்பவை எழுத்துகள். ‘ஆ’வை ‘அ’வோடு சேர்த்தே கொள்வார்கள். ஆகவே கார்த்திகை முதல் பாதத்துக்கு ஆறுமுகம் எழுத்தாலும் பொருந்தும், கதையாலும் பொருந்தும். விசாகத்துக்கு எழுத்து தி, து, தே, தோ. அங்கே இந்தப் பெயர் எழுத்தால் பொருந்தாது. அப்படியிருந்தும் விசாகத்தில் பிறந்தவர்களுக்கு நாளின் சிறப்பைக் கருதி இதை வைத்திருக்கிறார்கள்.

சேர்க்கைப் பெயர்கள் என்னென்ன?

ஆறுமுகச்சாமி, ஆறுமுகப்பெருமாள், ஆறுமுகவேல், ஆறுமுகராஜ், ஆறுமுகபாண்டியன், ஆறுமுகநயினார். கடைசியாகச் சொன்னது நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்துக்கே உரியது. திருச்செந்தூர்க் கோயிலின் சண்முகர் திருமேனிக்கு ஆறுமுகநயினார் என்பது வழக்குப்பெயர். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் கொண்டுபோன அந்தத் திருமேனி கடலில் விடப்பட்டதாகவும், 1653இல் வடமலையப்ப பிள்ளை அதை மீட்டதாகவும் கோயில் வரலாறு சொல்கிறது. அந்தப் பக்கத்து ஊர்ப் பெயரிலும் இது இருக்கிறது: உப்பளங்கள் நிறைந்த ஆறுமுகநேரி.

பெண்களுக்கு ஆறுமுகத்தம்மாள், ஆறுமுகத்தாய், ஆறுமுகக்கனி, ஆறுமுகலட்சுமி. இவற்றில் ஆறுமுகக்கனி தென்மாவட்டங்களில் இன்றும் கேட்கக் கிடைக்கும் அழகான பெயர்.

இந்தப் பெயரில் புகழ்பெற்றவர்கள் யார்?

முதலில் சொல்லவேண்டியவர் யாழ்ப்பாணம் நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879). கந்தப்பிள்ளையின் மகன் ஆறுமுகம். பீட்டர் பெர்சிவல் பாதிரியாருக்கு விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பில் துணைநின்றவர். பிறகு சைவப் பணியில் முழுமையாக இறங்கி, 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு திருவாவடுதுறை ஆதீனம் ‘நாவலர்’ பட்டம் அளித்தது. ஏட்டிலிருந்த நூல்களைப் பிழையறப் பரிசோதித்து அச்சேற்றியவர், தமிழ் உரைநடையில் நிறுத்தக்குறிகளைப் பழக்கியவர். அவருக்குப் பிறகு ‘நாவலர்’ என்று தனியாகச் சொன்னாலே ஈழத்தில் இந்த ஆறுமுகத்தைத்தான் குறிக்கும்.

மலேசியாவில் ஆர். ஆறுமுகம் கால்பந்துக் கோல்காப்பாளர். நீண்ட கைகளுக்காக ‘ஸ்பைடர்மேன்’ என்று அழைக்கப்பட்டவர். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்ற மலேசிய அணியில் இருந்தார்; 1988இல் கார் விபத்தில் மறைந்தார். சண்முகம் வடிவத்தில் விடுதலை இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆர். கே. சண்முகம் செட்டியார், நாடகக் கலைஞர் அவ்வை டி. கே. சண்முகம் ஆகியோர் உண்டு.

வேற்றுமை உருபு சேர்க்கும்போது எப்படி எழுதவேண்டும்?

அழைப்பிதழ், கடிதம், மனு எழுதுபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. ‘-அம்’ என்று முடியும் பெயர், உருபு ஏற்கும்போது மகரம் கெட்டு ‘அத்து’ சாரியை பெறும்: ஆறுமுகத்தை, ஆறுமுகத்தால், ஆறுமுகத்துக்கு அல்லது ஆறுமுகத்திற்கு, ஆறுமுகத்தோடு, ஆறுமுகத்தின் மகன், ஆறுமுகத்திடம். ‘ஆறுமுகமை’, ‘ஆறுமுகமுக்கு’ என்பவை பிழை. கணினியில் பெயரை ஓர் இடத்திலும் உருபை இன்னோர் இடத்திலும் இட்டுத் தானாக ஒட்டவைக்கும் படிவங்களில்தான் ‘ஆறுமுகம்க்கு’, ‘ஆறுமுகம்இன்’ போன்றவை வருகின்றன. இதற்கு எளிய வழி, பெயருக்குப் பின் ‘அவர்கள்’ சேர்ப்பது: ஆறுமுகம் அவர்களுக்கு, ஆறுமுகம் அவர்களின். பெயர் மாறாமல் நிற்கும், மரியாதையும் கிடைக்கும்.

ஆறுமுகன் என்று பெயர் இருந்தால் ஆறுமுகனை, ஆறுமுகனுக்கு. ஒரே அழைப்பிதழில் மேலே ‘ஆறுமுகம்’, கீழே ‘ஆறுமுகனின் பேரன்’ என்று கலக்கக் கூடாது. அச்சுக்குப் போகுமுன் இந்த ஒன்றைச் சரிபாருங்கள்.

பின்னால் இன்னொரு சொல் ஒட்டும்போது: ஆறுமுகம் + நாவலர் என்பதில் மகரம் விழுந்து ஆறுமுக நாவலர். ஆறுமுகம் + சாமி என்பதில் ச் மிகுந்து ஆறுமுகச்சாமி. ‘ஆறுமுகசாமி’ என்று ஒற்று இல்லாமல் எழுதுவதும் பரவலாக இருக்கிறது. ஒருவர் தம் பெயரைச் சான்றிதழில் எப்படி எழுதியிருக்கிறாரோ அப்படியே எழுதுங்கள். இலக்கணம் பார்த்து அடுத்தவர் பெயரில் ஒற்றைச் சேர்க்கவும் வேண்டாம், நீக்கவும் வேண்டாம். பழைய அழைப்பிதழ்களில் காணும் ‘ஆறுமுகஞ் செட்டியார்’ என்பதும் பிழை இல்லை. மகரம் சகரத்துக்கு இனமாகத் திரிந்த அந்தக்கால எழுத்துமுறை.

எப்படி உச்சரிப்பது? செல்லமாக எப்படிக் கூப்பிடுவது?

‘ஆ’ நீளவேண்டும். ‘று’ வல்லின றகரம். குமரி மாவட்டத்தில் இன்னும் ர, ற வேறுபாடு காதில் தெளிவாகக் கேட்கும். ‘க’ உயிர்களுக்கு நடுவில் மெலிந்து ஒலிக்கும். சென்னைப் பேச்சில் ‘ஆர்முகம்’, கிராமங்களில் ‘ஆறுமுவம்’. செல்லப்பெயர் ‘ஆறு’. பிற மொழிக்காரர்கள் முதலெழுத்தைக் குறிலாக்கி ‘அருமுகம்’ என்பார்கள். ‘ஆறு’ என்று தனியாக ஒருமுறை சொல்லிக்காட்டிவிட்டு ‘முகம்’ சேர்த்தால் பெரும்பாலும் பிடித்துக்கொள்வார்கள்.

ஆங்கிலத்தில் எந்த எழுத்துக்கூட்டல் நல்லது?

அதிகம் புழங்குவது ஏ-ஆர்-யு-எம்-யு-ஜி-ஏ-எம் என்ற எட்டெழுத்து வடிவம். இதற்கு மேல் மூன்று மாற்றங்கள் உண்டு. முன்னால் இன்னொரு ஏ சேர்ப்பது, ஜி-க்குப் பின் எச் சேர்ப்பது, ஜி-க்குப் பதில் கே போடுவது. இரட்டை ஏ நெடிலைக் காட்டும், உச்சரிப்புக்கு நல்லது. எச் சேர்ப்பது மலையாளத்தின் ‘முகம்’ எழுத்தைத் தழுவியது. தமிழ் உச்சரிப்புக்கு அது தேவையில்லை.

எண்கணிதத்துக்காக எழுத்தை மாற்றுபவர்களே அதிகம். ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் ஓர் எண் தரும் கால்டிய முறையில் ஏ 1, ஆர் 2, யு 6, எம் 4, ஜி 3, எச் 5. எட்டெழுத்து வடிவத்தின் கூட்டல் 27, சுருக்கினால் 9. முன்னால் ஒரு ஏ சேர்த்தால் 28, சுருக்கினால் 1. எச் சேர்த்தால் 32, சுருக்கினால் 5. ஒரே பெயர் மூன்று விதமாக உலவுவதற்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கூட்டல்தான் இருக்கிறது. நம்பிக்கை அவரவர் விருப்பம். ஆனால் எண் பார்ப்பதாக இருந்தால் பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறுவதற்கு முன்பே பார்த்து முடித்துவிடுங்கள். இருபது வயதில் ஓர் எழுத்தைச் சேர்த்தால் அதற்குமுன் வாங்கிய ஒவ்வொரு சான்றிதழும் வேறொருவருடையது போல ஆகிவிடும்.

அப்பா பெயர் ஆறுமுகம். தமிழில் தலைப்பெழுத்து ‘ஏ.’யா, ‘ஆ.’வா?

ஆ. தான். ‘ஏ.’ என்பது ஆங்கில எழுத்தின் பெயரைத் தமிழில் எழுதியது. ‘ஏ. குமார்’ என்று போட்டால் அப்பா பெயர் ஏகாம்பரமா, ஏழுமலையா என்று படிப்பவர் குழம்புவார். ‘அ.’ என்று குறிலாகப் போடுவதும் பிழை. தமிழில் ஆ., ஆங்கிலத்தில் ஏ என்று இரண்டையும் இணையாக வைத்துக்கொள்வதில் எந்தச் சிக்கலும் இல்லை.

ஆவணங்களில் வழக்கமாக என்ன தவறு நடக்கிறது? எப்படித் தவிர்ப்பது?

தமிழ்நாட்டில் உள்ளவர்களுக்கு இது. பெரும்பாலான தவறுகள் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குத் திரும்பும்போது நடக்கின்றன. பதிவாளர் ஆங்கிலத்தில் தட்டுவார், மென்பொருள் தானாகத் தமிழாக்கும். ஆங்கிலத்தில் ர, ற இரண்டுக்கும் ஒரே எழுத்து. அ, ஆ இரண்டுக்கும் ஒரே எழுத்து. விளைவு: அருமுகம், ஆருமுகம், அறுமுகம். ஆதார் பதிவின்போது திரையில் ஆங்கிலமும் தமிழும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். ஆங்கிலத்தை மட்டும் பார்த்துத் தலையாட்டிவிடாமல் தமிழ் வரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். முதலெழுத்து நெடிலா, இரண்டாவது வல்லின றுவா என்று அந்த இரண்டை மட்டும் பார்த்தாலே போதும். ஆதாரில் பெயரைத் திருத்த வாழ்நாளில் இரண்டு முறைதான் அனுமதி. ஒன்றைக் கவனக்குறைவுக்குச் செலவழிக்கவேண்டாம். வாக்காளர் அட்டை, குடும்ப அட்டையிலும் இதே பார்வை வேண்டும்.

புதிதாகப் பிறந்த பிள்ளைக்கு: பிறப்பை 21 நாளுக்குள் பதியவேண்டும். பெயர் முடிவாகவில்லையென்றால் பெயரில்லாமலே பதியலாம். 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம், அதன்பின் தாமதக் கட்டணத்தோடு 15 வயது வரை சேர்க்கலாம். பெயர் ஒருமுறை ஏறிவிட்டால் எழுத்துப்பிழையைத்தான் திருத்துவார்கள், வேறு பெயருக்கு மாற்றித் தரமாட்டார்கள். ஆகவே ஆறுமுகமா ஆறுமுகவேலா என்று வீட்டில் பேச்சு முடியாதபோது அவசரப்பட்டு எழுதிக்கொடுக்காதீர்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் போன்றவற்றுக்குப் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் ஆதாரம்; அதனால் அதில் இருக்கும் பெயரின் எடை முன்னைவிடக் கூடியிருக்கிறது.

பெரியவர்களுக்கு: முதலில் எல்லா ஆவணங்களையும் மேசைமேல் பரப்பி, ஒவ்வொன்றிலும் உள்ள தமிழ், ஆங்கில எழுத்துக்கூட்டலை ஒரு தாளில் அப்படியே எழுதுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளதைத் தலைமை வடிவமாகக் கொள்ளுங்கள், ஏனெனில் அதைத் திருத்துவதுதான் எல்லாவற்றிலும் கடினம். மற்றவற்றை அதற்கு ஒத்தபடி மாற்றுங்கள்: முதலில் ஆதார், பிறகு பான், பிறகு வங்கி. ஆதாரும் பானும் ஒத்துப்போகாதவரை இரண்டையும் இணைப்பது தடங்கலாகும். சண்முகத்திலிருந்து ஆறுமுகத்துக்கு மாறுவதுபோல உண்மையான பெயர் மாற்றமென்றால் தமிழ்நாடு அரசிதழில் வெளியிடவேண்டும். அரசிதழ் வந்தாலும் பழைய மதிப்பெண் சான்றிதழ் மாறாது. இரண்டையும் சேர்த்தே காட்டவேண்டியிருக்கும், அசலைப் பத்திரமாக வையுங்கள்.

கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் சிக்கலாகுமா?

ஆகலாம். இந்தியக் கடவுச்சீட்டில் தலைப்பெழுத்தை எழுத்தாக விடமாட்டார்கள், விரித்து எழுதவேண்டும். குடும்பப்பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு, கொடுத்த பெயரில் ஆறுமுகம் என்று மட்டும் போடுவதற்கு வழி இருக்கிறது. ஆனால் அமெரிக்க விசாவில் அந்த ஒற்றைப் பெயர் குடும்பப்பெயராகி, முதற்பெயர் இடத்தில் ‘பெயர் தெரியவில்லை’ என்பதற்கான எஃப்-என்-யு என்ற மூன்றெழுத்து வந்து உட்காரும். விமானச்சீட்டு, வங்கி, ஓட்டுநர் உரிமம் என்று அது கூடவே வரும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர்க் கடவுச்சீட்டோடு சுற்றுலா விசாவில் வருபவர்களுக்கு அனுமதியில்லை என்று அறிவித்தது. ஆகவே கொடுத்த பெயரில் ஆறுமுகம், குடும்பப்பெயரில் அப்பா பெயர் என்று இரண்டையும் நிரப்புவதே நல்லது. விமானச்சீட்டிலும் அதே வரிசையில் போடுங்கள்.

அப்பா ஆறுமுகம் என்றால், மகன் வெளிநாட்டில் ‘திரு. ஆறுமுகம்’ ஆகிவிடுவார். அதைத் தடுக்க வழியில்லை, தெரிந்துவைத்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டுத் தமிழர்களிடம் இந்தப் பெயர் எப்படி இருக்கிறது?

மொரீசியசில் 1834 முதலும், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் 1860 முதலும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் பெயர்களை அங்கிருந்த எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். அப்பா பெயரே பின்னர் குடும்பப்பெயராக நிலைத்தது. மொரீசியசில் ‘ஆர்மூகம்’ என்று படிக்கும்படி, ஏ-ஆர்-எம்-ஓ-ஓ-ஜி-யு-எம் என்று எழுதுகிறார்கள். தலைமுறைகள் கழிந்து தமிழ் பேச மறந்த குடும்பங்களிலும் அந்தப் பெயர் நிற்கிறது. மூதாதையரைத் தேடுபவர்கள் கப்பல் பதிவேடுகளில் இரண்டாவது எழுத்துக்குப் பின் உயிரெழுத்து இல்லாத வடிவங்களையும் தேடவேண்டும். ஒரே எழுத்துக்கூட்டலில் தேடினால் ஆள் கிடைக்கமாட்டார். மலேசியாவில் அப்பா பெயர் ‘அனாக் லெலாக்கி’ என்பதன் சுருக்கமான ஏ/எல் குறிக்குப் பின் வரும், பெண்ணுக்கு ஏ/பி. அதனால் அங்கே ஆறுமுகம் குடும்பப்பெயராக மாறாமல் அப்பா பெயராகவே நிற்கிறது.

இப்போது பிறக்கும் பிள்ளைக்கு இந்தப் பெயரை வைக்கலாமா?

தாராளமாக. சரவணன், கார்த்திக் என்ற பெயர்கள் எந்தக் கதையிலிருந்து வந்தனவோ அதே கதையின் மையத்தில் இருப்பது ஆறுமுகம். தமிழிலேயே பொருள் விளங்கும். பிள்ளை ‘என் பெயருக்கு என்ன அர்த்தம்’ என்று கேட்கும் வயதில், அகராதி தேடாமல் ஆறு விரலைக் காட்டிச் சொல்லிவிடலாம். பழைய பெயர் என்று உறவினர் தயங்கினால் அறுமுகன், ஆறுமுகவேல் என்று ஒரு படி நகரலாம். தாத்தா பெயரை வைத்தும் பெரியவர் முன்னால் பிள்ளையை அப்பெயரால் அதட்டக் கூச்சப்படும் வீடுகளில் ‘வேலு’, ‘ஆறு’ என்று கூப்பிடுபெயர் தனியாக இருக்கட்டும். பதிவேட்டில் முழுப்பெயர் ஏறட்டும்.

முழுப்பெயரையே ‘ஆறு’ என்று சுருக்கிப் பதிவது மட்டும் வேண்டாம். ஆங்கிலத்தில் அது மூன்றெழுத்தாகி, பெண்பெயரான ‘ஆரு’வா, அருண் என்பதன் சுருக்கமா என்று யாருக்கும் பிடிபடாமல் போகும்.